பழைய யூனிக்ஸ் சோர்ஸின் வம்சாவளி: கேள்வி பதில்

கேள்வி: சார், யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஐந்தாம் பதிப்பு, ஆறாம் பதிப்பு என்கிறார்களே, அந்த இரண்டு சோர்ஸையும் (மூல நிரலையும்) வைத்து டிஃப் (வரிக்கு வரி ஒப்பீடு) எடுத்தால் நடுவில் மாறியது எல்லாம் தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. அந்த எண் கையேட்டின் எண். முதல் பதிப்பு என்றால் 1971 நவம்பர் 3 தேதியிட்ட கையேடு. நான்காவது 1973 நவம்பர், ஐந்தாவது 1974 ஜூன், ஆறாவது 1975 மே, ஏழாவது 1979 ஜனவரி. யூனிக்ஸ் உருவான பெல் லேப்ஸில் சோர்ஸ் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தது. யாராவது கேட்டால் அன்றைக்கு டிஸ்கில் இருந்தது டேப்பில் ஏறிப் போகும். அதனால் ஒரே பதிப்பு எண்ணுள்ள இரண்டு டேப்புகள் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். நீங்கள் ஒப்பிடுவது இரண்டு தேதிகளின் ஸ்னாப்ஷாட்டை. அப்படியே குறித்து வையுங்கள்: எந்த டேப், எந்த ஃபைல், ஃபைலின் தேதி என்ன.

கேள்வி: ஒரு வசதி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து காலத்தை ஊகிக்கலாம் இல்லையா? பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுக்கும் வசதி) இல்லாவிட்டால் பழசு, இருந்தால் புதுசு என்று?

பதில்: பலரும் சறுக்குகிற இடம் இதுதான். 'என்சிஸ்' என்ற பெயரில் ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சோர்ஸ் கிடைத்திருக்கிறது. சி மொழியில் எழுதியது, 1973ஐச் சேர்ந்தது. அதில் பைப் கிடையாது. ஆனால் அதற்கு முன்னாலேயே வந்துவிட்ட மூன்றாம் பதிப்புக் கையேட்டில் பைப் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி என்சிஸ் மூன்றாம் பதிப்புக்கு முந்தியது ஆகிவிடும், அது தப்பு. அசெம்ப்ளரில் ஓடிக்கொண்டிருந்த கெர்னல் ஒரு பக்கம், அதை சியில் திருப்பி எழுதும் வேலை இன்னொரு பக்கம். பைப் முதலாவதில் சேர்ந்துவிட்டது, இரண்டாவதற்கு இன்னும் வந்து சேரவில்லை. அதனால் 'இருக்கிறது' என்பதை வைத்து ஏதாவது சொல்லலாம், 'இல்லை' என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது.

கேள்வி: சோர்ஸே இல்லை, பைனரி (கம்பைல் செய்த நிரல்) மட்டும்தான் இருக்கிறது. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதல் இரண்டு பைட்டை ஆக்டலில் (எட்டின் அடிமான எண்ணில்) பாருங்கள். 0405 என்றால் முதல் பதிப்புக் காலத்து வடிவம். 0407 என்றால் அதற்குப் பிந்தியது. இரண்டும் கலந்து கிடக்கும் டேப் என்றால் மாறுகிற சமயத்தில் எடுத்தது.

இது ஏதோ தோன்றிய எண் இல்லை. அன்றைய யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியில் 0400 வரிசை என்பது நிபந்தனையில்லாத தாவல் கட்டளை. கடைசி இலக்கம் எத்தனை வேர்டு (2 பைட் கொண்ட அலகு) தாண்ட வேண்டும் என்பது. பழைய ஹெட்டர் (ஃபைலின் தலைப்பகுதி) 6 வேர்டு நீளம். முதல் வேர்டைப் படித்ததும் பிசி (அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டும் ரெஜிஸ்டர்) அடுத்ததில் நிற்கும், அங்கிருந்து 5 தாண்டினால் ஹெட்டர் முடிந்து நிரல் தொடங்கும். ஹெட்டர் 8 வேர்டாக வளர்ந்ததும் 5 என்பது 7 ஆயிற்று. ஹெட்டரோடு அப்படியே மெமரியில் ஏற்றினாலும் ஓடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வேக்ஸ் போன்ற வேறு கட்டமைப்புகளிலும் 0407 தொடர்ந்தது. அங்கே அது தாவல் கட்டளையே இல்லை, வெறும் அடையாளம். வம்சாவளி பார்க்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட எச்சங்கள்தான் தங்கம்.

டைரக்டரியையும் பாருங்கள். ஒரு பதிவு 10 பைட் (ஃபைலை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு 2, பெயருக்கு 8) என்றால் ஆரம்ப காலம். 16 பைட் (2, 14) என்றால் பிந்தியது.

கேள்வி: ஆறாம் பதிப்பு டிஸ்க் இமேஜிலிருந்து ஃபைல் தேதிகளை எடுத்தேன் அண்ணா. பாதி 2041, பாதி 1905 என்று வருகிறது. இமேஜ் கெட்டுப்போயிருக்குமோ?

பதில்: இமேஜ் நன்றாகவே இருக்கும். பிடிபி-11ல் 32 பிட் எண்ணின் மேல் பாதி வேர்டு முதலில் வரும். ஆனால் ஒவ்வொரு வேர்டுக்குள்ளும் சின்ன பைட் முதலில். இன்றைய கணினியில் நேரடியாகப் படித்தால் இரண்டு பாதியும் இடம் மாறிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1975 மே 1 என்பது 168134400 நொடி. மேல் பாதி 2565, கீழ்ப் பாதி 34560. மாற்றிப் படித்தால் 2264926725, அதாவது 2041. அதையே குறியுள்ள எண்ணாக எடுத்தால் 1905. உங்களிடம் இரண்டும் வருகிறதென்றால் உங்கள் ஸ்கிரிப்டில் ஓரிடத்தில் குறியுள்ளதாகவும் ஓரிடத்தில் குறியில்லாததாகவும் எடுக்கிறீர்கள். அதையும் சரிசெய்யுங்கள்.

அதே நபர்: சரியாகிவிட்டது, நன்றி! இதே ஸ்கிரிப்ட் முதல், இரண்டாம் பதிப்பு டேப்புக்கும் ஆகுமா?

பதில்: ஆகாது. முதல் பதிப்பில் நேரம் நொடிக் கணக்கில்லை, நொடியில் 60ல் ஒரு பங்கு. தொடக்கம் 1971 ஜனவரி 1. அந்த வேகத்தில் 32 பிட் சுமார் 828 நாளில் நிரம்பிவிடும். அதனால் தொடக்க நாள் ஒருமுறை 1972க்கு நகர்ந்தது. நான்காம் பதிப்பில்தான் 1970, நொடி என்ற இன்றைய கணக்கு வந்தது. ஆகவே வெறும் தேதியை நம்பாதீர்கள். முதலில் 0405, 0407, டைரக்டரி அளவு இவற்றால் காலத்தை ஏறக்குறைய முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற தொடக்க நாளைப் போட்டுப் பாருங்கள். ஒரே டேப்பின் ஃபைல்கள் எல்லாம் ஒரு நியாயமான காலத்துக்குள் வந்து விழுந்தால் சரி.

கேள்வி: ஆறாம், ஏழாம் பதிப்புகளை டோக்கன் (நிரலின் தனித்தனிச் சொல், குறி) ஒப்பீட்டுக் கருவியில் போட்டேன். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் ஃபங்ஷன்கள்கூடப் பொருந்தவில்லை என்கிறது. ஏன்?

பதில்: ஆறாம் பதிப்பின் சியில் =+, =- என்று எழுதுவார்கள். ஏழாம் பதிப்புக் காலத்தில் +=, -= என்று திரும்பியது, ஏனென்றால் இடைவெளி விடாமல் =-1 என்று எழுதினால் −1 வைப்பதா, 1 கழிப்பதா என்ற குழப்பம். இன்றைய லெக்ஸர் (நிரலை டோக்கன்களாகப் பிரிப்பது) =+ என்பதை இரண்டு டோக்கனாக உடைக்கும், += ஒரே டோக்கன். அந்த இடத்தில் பொருத்தச் சங்கிலி அறுந்துவிடும். போதாததற்குத் தொடக்க மதிப்பு கொடுக்கும்போது பழைய சியில் சமக்குறியே கிடையாது. பெயர், பக்கத்தில் எண், அவ்வளவுதான்.

முதலில் பழைய சோர்ஸை இந்த இரண்டுக்கும் மாற்றி எழுதுங்கள். பிறகு மாறிப் பெயர்களை எல்லாம் ஒரே டோக்கனாக்கி ஓட்டுங்கள். 20 டோக்கனுக்குக் குறைவான பொருத்தங்களைத் தள்ளிவிடுங்கள். ஃபார் லூப் வைத்து வரிசையைத் துழாவும் எந்த நிரலும் அந்த அளவுக்குப் பொருந்தும். கமென்ட்டுகளை மட்டும் தூக்கிப் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்வது பல நேரம் அவைதான்.

கேள்வி: கமென்ட்டை வைத்து என்ன தீர்ப்பு? ஒரு உதாரணம் சொல்லுங்கள் சார்.

பதில்: 2003 ஆகஸ்டில் யூனிக்ஸ் உரிமை தன்னுடையது என்ற எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸில் தங்கள் கோடு இருக்கிறது என்று ஸ்லைடு போட்டுக் காட்டியது. கொஞ்சத்தைக் கிரேக்க எழுத்துருவில் போட்டு மறைத்தார்கள். எழுத்துருவை மாற்றினால் படிக்கலாம்! காட்டியதில் ஒன்று லினக்ஸின் ஐஏ-64 (இன்டெல் இட்டேனியம்) பகுதியில் எஸ்ஜிஐ நிறுவனம் சேர்த்த 'ஏடிஇ யூடில்ஸ்' ஃபைல். உள்ளே இருந்தது பழைய யூனிக்ஸ் கெர்னலின் மேலாக் ரொட்டீன்: மேப்பில் (காலி இடப் பட்டியலில்) முதலில் பொருந்தும் இடத்தை எடுத்துக் கொடுப்பது.

கோடு ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு, எஸ்ஜிஐ ஃபைல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று. கமென்ட்டைப் பாருங்கள். ஆறாம் பதிப்பில் சுருக்கம்: கேட்ட அளவை ஒதுக்கு, தொடக்க முகவரியைக் கொடு, முதல் பொருத்தம். ஏழாம் பதிப்பில் கூடுதலாக இரண்டு செய்தி: முகவரிகள் ஏறுவரிசையில் இருக்கும், பட்டியல் 0 அளவில் முடியும்; மெமரி மேப்பின் அலகு 64 பைட், ஸ்வாப் மேப்பின் அலகு 512 பைட். எஸ்ஜிஐ ஃபைலில் ஏறுவரிசை வாக்கியம் இருக்கிறது, 64, 512 வாக்கியம் இல்லை. ஆக அது ஆறாம் பதிப்பிலிருந்து நேரே வந்ததில்லை. ஏழாம் பதிப்பு, அல்லது அதன் வாரிசு ஒன்று; பிடிபி-11ன் அளவுகள் பொருந்தாமல் போன இடத்தில் யாரோ அந்த வரியை வெட்டியிருக்கிறார்கள். யூனிக்ஸ் சோர்ஸை அச்சிட்டு விளக்கிய லயன்ஸ் உரைநூலில் இருப்பதும் ஆறாம் பதிப்புதான் என்பதால் 'புத்தகத்தைப் பார்த்து அடித்தது' என்ற வாதமும் இங்கே நிற்காது.

கேள்வி: அசெம்ப்ளர் கெர்னலுக்கும் சி கெர்னலுக்கும் டோக்கன் ஒப்பீடே முடியாதே. அங்கே தொடர்ச்சியை எப்படிக் காட்டுவது?

பதில்: பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். நேம்ஐ, ஐகெட் என்ற ரொட்டீன்கள் பிடிபி-11க்கு முந்தைய பிடிபி-7 சோர்ஸிலேயே இருக்கின்றன. 1972 அசெம்ப்ளர் லிஸ்டிங்கிலும் உண்டு, சி கெர்னலிலும் உண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸான பிஎஸ்டியிலும் உண்டு. ஆனால் பெயர் ஒன்று என்பதால் கோடு ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். கருத்தும் ஆளும் தொடர்கின்றன என்பதற்கு மேல் அது சொல்லாது.

கேள்வி: கிட்ஹப்பில் ஸ்பினெல்லிஸ் தொகுத்த யூனிக்ஸ் வரலாற்று ரெப்போ இருக்கிறதே, அதில் பிளேம் (எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் கட்டளை) போட்டால் போதாதா?

பதில்: தொடங்குவதற்கு அதைவிட நல்லது இல்லை. பெரிய சி கொடியை (-C) இரண்டு முறை கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபைல் டைரக்டரி மாறிய இடத்தில் தடம் நின்றுவிடும். ஆனால் பழைய கமிட்டுகள் டேப்பிலிருந்து பிற்பாடு கட்டியவை. தேதி ஃபைல் தேதியிலிருந்து வந்தது, ஆசிரியர் பெயர் ஃபைல், டைரக்டரிவாரியாக ஒதுக்கியது. 'இந்த வரியை (யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான) ரிச்சி இன்ன நாளில் எழுதினார்' என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 'இந்த வரி இந்த ஸ்னாப்ஷாட்டில் முதலில் தென்படுகிறது' என்று சொல்லலாம்.

கேள்வி: லினக்ஸ், பிஎஸ்டி இரண்டிலும் எர்நோ (பிழைக் குறியீட்டு) எண்கள் ஒன்றாக இருப்பது காப்பி அடித்ததற்கு ஆதாரம் ஆகாதா?

பதில்: இடைமுகம் ஒத்துப்போவது வேறு, கோடு ஒத்துப்போவது வேறு. ஏழாம் பதிப்பின் பட்டியல் 34ல் முடிகிறது. அதுவரை கிட்டத்தட்ட எல்லாரும் ஒன்றுதான். 35ல் பிரிகிறார்கள்: பிஎஸ்டியில் 'காத்திருக்க வேண்டிவரும்', பெல் லேப்ஸின் தாய் நிறுவனம் ஏடி அண்ட் டியின் சிஸ்டம் 5ல் 'மெசேஜ் இல்லை', லினக்ஸில் 'டெட்லாக்'. 11ஐயும் பாருங்கள்: லினக்ஸிலும் சிஸ்டம் 5லும் அது 'மறுபடி முயற்சி செய்', இன்றைய பிஎஸ்டியில் அது 35க்குப் போய், 11 'டெட்லாக்' ஆகிவிட்டது. எந்தக் கிளையின் பழக்கத்தைப் பின்பற்றினார்கள் என்று இதில் தெரியும். காப்பி என்று சொல்ல வேண்டுமானால், அப்படி எழுதவேண்டிய அவசியமே இல்லாத ஒன்று இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்: ஒரே பிழை, ஒரே விசித்திரம். யூனிக்ஸ் போலவே செய்த கோஹரென்ட் என்ற இயங்குதளத்தை ஏடி அண்ட் டிக்காக ஆராய்ந்தபோது ரிச்சி தேடியதும் அதைத்தான். காப்பி அடித்ததாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கேள்வி: பிஎஸ்டியிலிருந்து ஏடி அண்ட் டி கோடு முழுக்க நீங்கியது எப்போது?

பதில்: 'முழுக்க' என்பதை விடுங்கள். 1991ன் பிஎஸ்டி வெளியீடான நெட்-2ல் இருந்த சுமார் 18,000 ஃபைல்களில், யுஎஸ்எல் (ஏடி அண்ட் டி தொடங்கிய யூனிக்ஸ் நிறுவனம்) தொடுத்த வழக்கின் 1994 சமரசத்தால் நீங்கியவை 3. இன்னும் சிலவற்றில் சின்ன மாற்றங்கள். சுமார் 70 ஃபைலில் யுஎஸ்எல் பதிப்புரிமை வாசகம் சேர்ந்தது. அந்த ஆண்டு வந்த 4.4பிஎஸ்டி-லைட்டில் இந்த வாசகத்தைத் தேடினால் எந்த ஃபைல்களை முதலில் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் கையில் கிடைத்துவிடும்.

கேள்வி: இதையெல்லாம் எடுத்து என் சொந்த ரெப்போவில் போடலாமா?

பதில்: ஏழாம் பதிப்பு வரைக்கும், அதன் வேக்ஸ் வடிவமான 32வியும் போடலாம். 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பிஎஸ்டி பாணி உரிமத்தில் கொடுத்துவிட்டது. உரிமக் கடிதத்தைச் சேர்த்து வையுங்கள். சிஸ்டம் 3, சிஸ்டம் 5 அதில் அடங்காது என்று கடிதமே சொல்கிறது.