அரியர் புத்தி

அன்புள்ள ஐயா,

நான் ஹஸ்தம்பட்டிக்காரன். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடம் முடித்து லீவுக்கு வந்திருக்கிறேன். முதல் செமஸ்டரில் ஜிபிஏ 3.8. இரண்டாவதில் கால்குலஸ் 2-இல் சி, பிசிக்ஸில் பி வாங்கி 3.07-க்கு இறங்கிவிட்டது. நவம்பரில் யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பிக்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு வந்த சொந்தமெல்லாம் மார்க்கைத்தான் கேட்கிறது. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. சி-யை வேறு காலேஜில் மறுபடி படித்துச் சரிசெய்யலாம் என்கிறார் ஒரு சீனியர். இந்த மனநிலையிலிருந்து எப்படி மீள்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சொந்தக்காரர்களை விடு. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்பாவிடம் நீயாகப் போய்ச் சொல், இன்று ராத்திரியே.

என்னை எழுத உட்கார வைத்தது அந்தச் சீனியரின் யோசனை. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அரியர் புத்தி. நம் ஊர் இன்ஜினியரிங் காலேஜில் யூ, அதாவது ஃபெயில் கிரேடு, வாங்கியவன் மறுபடி எழுதிப் பாஸானால் புதுக் கிரேடுதான் சிஜிபிஏ-வில் ஏறும். அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப் போகிறீர்கள். அங்கே சி என்பது பாஸ். கம்யூனிட்டி காலேஜில் கிரேடை உயர்த்த மறுபடி எடுப்பதெல்லாம் டி, எஃப் வாங்கியவனுக்கு. வேறு காலேஜில் போய் ஏ வாங்கினாலும் யூசி அந்த ஏ-யைக் கணக்கில் சேர்க்காது. வெளிநாட்டு மாணவனுக்கான கட்டணத்தில் ஐந்து யூனிட் (நம் ஊர் கிரெடிட் மாதிரி) காசு தண்டம், அதைவிட ஒரு செமஸ்டர் உழைப்பு தண்டம். ஒரு காலேஜை எழுதாமல் விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். படித்த இடம் எல்லாம், பாடத்தைப் பாதியில் விட்டு டபிள்யூ விழுந்தது உட்பட, விண்ணப்பத்தில் வர வேண்டும். இடம் கொடுத்தபின் டிரான்ஸ்கிரிப்டை வாங்கி ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் கொடுத்த இடத்தையே பிடுங்கிவிடுவார்கள்.

கால்குலஸ் படித்தவன் கூட்டல் வகுத்தல் போட்டுப் பார்த்தாயா? ஒரு யூனிட்டுக்கு ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2. முதல் செமஸ்டர் 15 யூனிட், 57 புள்ளி. இரண்டாவதில் கால்குலஸ் 5 யூனிட்டுக்கு 10, பிசிக்ஸ் 4 யூனிட்டுக்கு 12, மீதி 6 யூனிட் ஏ என்றால் 24, ஆக 46. நீ சொல்கிற 3.07 இந்தச் செமஸ்டருக்கு மட்டும்தான். மொத்தம் 30 யூனிட்டில் 103, அதாவது 3.43. வரும் ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் 15 யூனிட்டும் ஏ வந்தால் 163-ஐ 45-ஆல் வகு: 3.62. வெளி மாநில, வெளிநாட்டு மாணவருக்கு யூசி கேட்கும் குறைந்தபட்சம் 2.8. அது வாசல்படிதான், இன்ஜினியரிங்கில் போட்டி அதற்கு மேலே எங்கோ நடக்கிறது. ஆனாலும் நீ நினைக்கிற அளவுக்குக் குடி முழுகவில்லை. நவம்பரில் விண்ணப்பித்தாலும் ஃபால் கிரேடை ஜனவரி அப்டேட்டில் நீ ஏற்றலாம். ஏற்றத்தான் வேண்டும்.

மெக்கானிக்கலுக்குக் கால்குலஸ் சி நிச்சயம் உறுத்தும், அதற்குப் பதில் அடுத்த கணக்குப் பாடத்தில் நீ வாங்கும் ஏ. கால்குலஸ் 2-இல் பெரும்பாலும் கவிழ்ப்பவை இரண்டு: டிரிக்னாமெட்ரி மறந்துபோய் இன்டெக்ரேஷனில் திணறுவது, செமஸ்டர் கடைசியில் வரும் இன்ஃபினிட் சீரிஸை வேறு பரீட்சைகளின் நெருக்கடியில் மேலோட்டமாகப் பார்ப்பது. இந்த லீவில் இரண்டையும் உட்கார்ந்து போடு. ஏற்காட்டுக்கு அப்புறம் போகலாம்.

ஃபாலில் ஒரு பாடம் கைநழுவுகிறது என்று தெரிந்தால் டபிள்யூ வாங்கலாம், ஜிபிஏ-வில் சேராது. ஆனால் நீ எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவன், 12 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது. 13 யூனிட் எடுத்துவிட்டு ஐந்து யூனிட் பாடத்தைத் தூக்கினால் விசா நிலையே முறியும். இன்டர்நேஷனல் ஆபீஸில் முன்கூட்டி அனுமதி வாங்காமல் கை வைக்காதே.

மார்க் குறைந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் விண்ணப்பத்தின் கூடுதல் குறிப்புப் பகுதியில் நாலு வரி போதும். உன்னைப் பற்றி 350 வார்த்தைக்குள் எழுதச் சொல்லும் கேள்விகளில் புலம்பலைக் கொட்டி இடத்தை வீணாக்காதே.

ஒன்று விட்டுப்போயிற்று. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறில் ஏதாவது ஒன்றுக்கு டாக் (TAG) என்ற டிரான்ஸ்ஃபர் இட உத்தரவாதம் கேட்கலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான். எல்லாப் பிரிவுக்கும் கிடையாது. மெக்கானிக்கல் எங்கே உண்டு, எத்தனை ஜிபிஏ கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஆகஸ்டிலேயே கவுன்சிலரிடம் நேரம் வாங்கிவிடு.