ஒரு தேனிலவு, இரண்டு பைனாகுலர்: கேள்வி பதில்

பறவை பார்க்கிறவர்களுக்குக் கல்யாணம் நிச்சயமானால் ஜவுளிக்கு முன்னாலேயே எழும் கேள்வி, "ஐரோப்பாவில் எங்கே போகலாம்?" வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் பள்ளிக்கரணையில் பார்க்கத் தொடங்கியவள். தேனிலவுக்குப் போனது ஸ்பெயின். என் வீட்டுக்காரருக்கு அப்போது காக்கை, குருவி, கிளி தவிர எதுவும் தெரியாது. அதனால் இரு தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும்.

கோவையிலிருந்து: அக்கா, தேதி இன்னும் முடிவாகல. தை இல்லன்னா வைகாசின்னு பேச்சு. எந்த நாடு நல்லதுன்னு சொன்னா டிக்கெட் விலை பார்க்க ஆரம்பிச்சிடுவேன்.

நாட்டைக் கடைசியில் பாருங்கள் தம்பி. ஜோசியர் தேதி குறிக்கட்டும், நாடு தானாக அமையும். ஐரோப்பாவில் ஒரே இடம் மே மாதத்தில் திருவிழாக் கூட்டமாகவும் ஆகஸ்டில் காலி மைதானமாகவும் இருக்கும்.

தை என்றால் தெற்கு பிரான்சின் கமார்க். குளிர்காலத்தில்தான் அங்கே பூநாரைகள் (ஃபிளமிங்கோ) ஜோடி தேடும். கூட்டமாகக் கழுத்தை நீட்டி, தலையை இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பி, சட்டென்று சிறகை விரித்துக் காட்டும். உள்ளே இருக்கும் சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் தெரியும். போன்-து-கோ பறவைப் பூங்காவில் இதைப் பாதையோரம் நின்றே பார்க்கலாம். தங்குவது ஆர்ல் ஊரில். ரோமானியர் கட்டிய அரங்கம், 1888 பிப்ரவரியில் வான்கோ வந்திறங்கிய தெருக்கள், நல்ல காபிக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. கோடையில் கமார்க் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும், தையில் அந்தத் தொல்லை இல்லை. மிஸ்த்ரால் என்கிற வடகாற்று மட்டும் காதை அறுக்கும். குல்லா முக்கியம்.

வைகாசி என்றால் கை நிறைய வாய்ப்பு. ஒன்றைச் சொல் என்றால் ருமேனியாவின் டான்யூப் கழிமுகம். அதைப் பற்றிக் கீழே வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மற்ற மாதங்களையும் சொல்லிவிடுகிறேன், தேதி தள்ளிப்போவது சகஜம்தானே. பங்குனிக்கு ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதுரா, சித்திரைக்கு கிரேக்கத்தின் லெஸ்போஸ், ஆனிக்கு ஐஸ்லாந்து. ஆவணிக்கு ஸ்பெயினின் தென்முனையில் இருக்கும் தரிஃபா. அங்கே ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே 14 கிலோமீட்டர் கடல்தான். பருந்துகளும் நாரைகளும் வெப்பக் காற்றில் மிதந்தே தூரம் கடப்பவை. கடல்மேல் அந்தக் காற்று எழும்பாது என்பதால் இருப்பதிலேயே குறுகலான இடம் தேடி எல்லாம் அங்கே வந்து குவியும். கிழக்குக் காற்று பலமாக அடித்தால் கடக்கத் தயங்கி நாள்கணக்கில் ஊர் மேலேயே சுற்றும்.

தஞ்சாவூரிலிருந்து: பூநாரையைக் கோடியக்கரையிலேயே பார்த்திருக்கோமே. அதுக்கு எதுக்கு பிரான்ஸ் வரைக்கும்?

நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே இனம்தான். கோடியக்கரையில் நான் பார்த்தது தொலைவில் கானலுக்கு நடுவே ஆடும் ஒரு ரோஸ் கோடு. கமார்க்கில் அலகின் வளைவில் சேறு வழிவது வெறுங்கண்ணுக்குத் தெரியும். அதுவும் போதாது என்றால் போக வேண்டாம், மிச்சமாகும் பணத்தில் கோடியக்கரைக்கு நாற்பது தடவை போகலாம்.

சென்னையிலிருந்து: சித்திரைக் கடைசியில் போறோம். அவளுக்கு சாண்டோரினி போட்டோ வேணும், எனக்குப் பறவை வேணும். வீட்டுல இப்பவே சண்டை.

சாண்டோரினிக்கு இரண்டு இரவு கொடுங்கள். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, அந்தி வெயில் எல்லாம் முதல் மாலையே முடிந்துவிடும். பிறகு ஏதென்ஸ் வழியாக விமானத்தில் லெஸ்போஸ். ஏதென்ஸிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

துருக்கிக் கரையை ஒட்டிய தீவு என்பதால் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகள் ஏப்ரல் கடைசியில் இங்கே இறங்கி மூச்சு வாங்கும். கல்லோனி உப்பளத்தின் ஓரமாகவே சாலை போகிறது. காரை விட்டு இறங்காமலே பூநாரை, கோணமூக்கு உள்ளான், நெடுங்கால் உள்ளான் பார்க்கலாம். கம்பிமேல் பஞ்சுருட்டான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தீவின் நட்சத்திரம் க்ரூப்பர் பசையெடுப்பான். கல்லோனி வளைகுடாவுக்குக் கிழக்கே அக்லாதெரி பைன் காட்டில், பட்டுப்போன மரத்தின் பொந்தில் கூடு கட்டும். குருவி அளவுதான், மார்பில் செம்பழுப்புத் திட்டு. உங்கள் மனைவியை அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்காதீர்கள். உப்பளம் பக்கத்திலேயே ஸ்காலா கல்லோனிஸில் கடற்கரை, படகு, மீன் சாப்பாட்டுக் கடை எல்லாம் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அந்தப் பருவத்தில் அந்த ஊர் ஓட்டல்களில் முக்காலியும் டெலஸ்கோப்புமாக வெள்ளைக்காரத் தாத்தாக்கள் நிறைந்திருப்பார்கள். தேனிலவுத் தனிமை வேண்டும் என்றால் வடக்கே மொலிவோஸில் கோட்டைக்குக் கீழே தங்குங்கள்.

மதுரையிலிருந்து: கார்த்திகைல கல்யாணம். பாரிஸ்தான்னு முடிவு பண்ணியாச்சு. பக்கத்துல ஏதாவது தேறுமா மேடம்?

தேறும், அதுவும் நன்றாகவே. பாரிஸுக்குக் கிழக்கே 200 கிலோமீட்டர் அளவில் ஷாம்பேன் பகுதியில் லக் து தேர் என்று ஓர் ஏரி. சேன் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த அதன் கிளையான மார்ன் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி 1974இல் நிரப்பியது, 48 சதுர கிலோமீட்டர். மூன்று கிராமங்கள் மூழ்கின. ஒன்றின் மாதா கோயில் மட்டும் கரையில் தனியாக நிற்கிறது.

ஸ்காண்டிநேவியாவிலிருந்து தெற்கே போகும் கொக்குகள், நம் ஊர்க் கொக்கு இல்லை, ஆளின் மார்பு உயரம் வரும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள், நவம்பரில் பல்லாயிரக்கணக்கில் இந்த ஏரியில் இரவு தங்கும். பகலில் சோளக் கொல்லையில் மேயும். மாலை நாலரைக்கெல்லாம் அணைமேல் போய் நின்றுவிடுங்கள். முதலில் சத்தம்தான் வரும், எக்காளம் மாதிரி. பிறகு வானம் முழுக்கக் கோடு கோடாக. பறவையே தெரியாதவர்களும் வாய் பிளந்து நிற்பதை அங்கே பார்க்கலாம். இரண்டு இரவு போதும்.

லண்டனிலிருந்து: அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் இங்கதான் வேலை. ஜூனில கலியாணம், லீவு ஒரு கிழமைதான். பிளேன் ஏறாமல் எங்கயாவது?

வேல்ஸ் கரையில் இருக்கும் ஸ்கோமர் தீவு. மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து படகு. பஃபின் என்கிற குட்டைக் கடற்பறவைகள் வாயில் வெள்ளி மீன்களை அடுக்கிக்கொண்டு உங்கள் கால் நடுவிலேயே ஓடி வளைக்குள் புகும், அதனால் பாதையை விட்டு ஓர் அடி விலகாதீர்கள், கீழே மண் முழுக்க வளை. பகலில் போய்த் திரும்பிவிடுவார்கள் எல்லாரும். முடிந்தால் தீவின் பழைய பண்ணை வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். இருட்டியதும் மாங்ஸ் ஷியர்வாட்டர் என்கிற கடற்பறவை கரைக்கு வரும், அங்கே சுமார் 3,50,000 ஜோடிகள். கடலிலிருந்து வருவதும் வளைக்குள் காத்திருப்பதும் ஒன்றையொன்று குரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேய் அலறுவதுபோலக் கத்தும். படுக்கைகள் சொற்பம், மாதக்கணக்கில் முன்னாலேயே போய்விடும். ஜூலைக் கடைசிக்குள் பஃபின் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்பதால் தேதியைத் தள்ளாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: மாமனார் வீட்டுல சுவிஸ் டூர் புக் பண்ணியே குடுத்துட்டாங்க. பனி மட்டும்தானா, பறவை ஏதும் இருக்கா?

மாமனார் செலவில் போகிறவர் குறை சொல்லக் கூடாது. 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையத்தில் எல்லாரும் பனியைப் படம் எடுக்கும்போது, கைப்பிடிக் கம்பியில் மஞ்சள் அலகும் சிவப்புக் காலுமாக ஒரு கறுப்புப் பறவை வந்து உட்காரும். ஆல்ப்ஸ் காக்கை. பிஸ்கட் பொட்டலம் பத்திரம்.

டூரில் இரண்டு நாள் காலி கிடைத்தால் லாய்க்கர்பாத் போங்கள். வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் பேர்போன மலை ஊர். அங்கிருந்து கேபிள் காரில் 2,300 மீட்டருக்கு ஏறினால் கெம்மி கணவாய். அங்கே தாடிப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு பறக்கும், சிறகு விரித்தால் இரண்டேமுக்கால் மீட்டர் வரும். ஆட்டுக்குட்டியைத் தூக்கும் என்று பழிசுமத்தி ஆல்ப்ஸில் அடியோடு சுட்டுத் தீர்த்தார்கள். 1986 முதல் கூண்டில் வளர்த்த குஞ்சுகளை விட்டு மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும். அதன் மார்பின் செம்மஞ்சள் பிறவி நிறம் இல்லை, இரும்புச் சத்துள்ள சேற்றில் புரண்டு தானே பூசிக்கொள்வது. ஆக அந்த ஊரில் குளியலுக்கு வருவது மனிதர் மட்டுமில்லை.

திருநெல்வேலியிலிருந்து: நாங்க சைவம், முட்டையும் கிடையாது. பட்டினி கெடக்கணுமா?

ஸ்பெயினில் கொஞ்சம் கஷ்டம். காய்கறி என்று கேட்டு வாங்கிய அவரையில் பன்றித் துண்டு கிடக்கும், அவர்கள் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிரேக்கம் நல்லது. எண்ணெயில் வேகவைத்த கத்தரி, வெண்டை, பீன்ஸ் வகைகளுக்கு லாதெரா என்று பெயர். ஃபாவா என்பது நம் பருப்பு மசியலின் தங்கச்சி. விரதச் சாப்பாட்டுக்கு நிஸ்திசிமா என்பார்கள், அதில் இறைச்சி, முட்டை, பால் வராது. ஆனால் கணவாயும் இறாலும் அவர்கள் விரதத்தில் சேர்த்தி! கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

திருச்சியிலிருந்து: ரெண்டு பேருமே பறவைப் பைத்தியம். ஓட்டல், ஷாப்பிங் எதுவும் வேண்டாம். வைகாசி.

கொடுத்து வைத்தவர்கள். டான்யூப் கழிமுகத்துக்குப் போங்கள். புக்கரெஸ்ட்டிலிருந்து துல்சியா வரை சாலை, அதற்குப்பின் படகுதான் வண்டி. ஐரோப்பாவின் மிகப் பெரிய வெள்ளைக் கூழைக்கடாக் குடியிருப்பு இங்கே. அன்றில், வக்கா, குட்டி நீர்க்காகம், ஆலா எல்லாம் நாணல் நடுவே. கால்வாயோர கிராமங்களில், உதாரணமாக கிரிஷான், மிலா 23, வீட்டுக்காரர்களே அறை வாடகைக்குக் கொடுத்து மீன் சூப் வைத்துத் தருவார்கள். திரும்பும் வழியில் தொப்ருஜா புல்வெளியில் கண் வையுங்கள். குளிர்காலத்தில் நம் சோளக் கொல்லையில் இறங்கும் ரோஸ் நிறச் சூறைக்குருவி, வெட்டுக்கிளி பெருகும் வருடங்களில் அங்கே கல் இடுக்கில் கூடு கட்டும். நம் ஊர் ஆளை வெளியூரில் பார்த்த சந்தோஷம் வரும். கொசுவலை, கொசு மருந்து, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம்.

சேலத்திலிருந்து: விசா எப்ப அப்ளை பண்றது? கல்யாணச் சான்றிதழ் வந்த பிறகா?

அதற்குக் காத்திருக்க வேண்டாம். இருவரும் அவரவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் என்பது சட்டம், கோடையில் அதை நம்பிவிடாதீர்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பம். பிரிட்டனுக்கு விசா தனி, ருமேனியாவும் ஐஸ்லாந்தும் ஷெங்கனுக்குள்ளேயே.

யாரும் சொல்லாத ஒன்று: விரல் ரேகை கொடுத்த பிறகு மருதாணி வையுங்கள். எனக்குத் தெரிந்த பெண் நலங்குக்கு மறுநாள் போய் நின்றாள். விரல் நுனி வரை சிவப்பு. மெஷின் நாலு தடவை எடுக்காமல், இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து: பைனாகுலர் ஒண்ணு போதுமா?

போதாது. "கொஞ்சம் குடு", "இரு, இப்பதான் தெரியுது", "போயிடுச்சு." இந்த மூன்று வசனத்தில் தேனிலவு கெடும். உங்களுக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), பழக்கமில்லாதவருக்கு எடை குறைந்த 8x32.

சென்னையிலிருந்து: அவருக்குப் பறவை பார்க்கிற பழக்கமே இல்ல. காலைல எத்தனை மணிக்கு எழுப்பினா கோவிச்சுக்க மாட்டார்?

எழுப்பத் தேவையில்லாத பறவையாகத் தேர்ந்தெடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எங்கள் தேனிலவு பங்குனியில், எக்ஸ்ட்ரெமதுராவின் த்ருஹியோ ஊரில். முதல் நாள் நான் ஐந்தரைக்கு அவரை உலுக்கி எழுப்பி மோன்ஃப்ராகுவே காட்டுக்குக் கூட்டிப்போனேன். கும்மிருட்டு. ஸ்பெயின் மேற்குக் கோடியில் இருந்தாலும் கடிகாரம் வைத்திருப்பது பெர்லின் நேரத்துக்கு. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் வருவதே எட்டு மணிக்கு! சால்தோ தெல் கிதானோ பாறைக்கு எதிரே குளிரில் மூன்று மணி நேரம் நின்றேன். பாறுகள் பாறைமேல் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தன. வெயில் ஏறிக் காற்று சூடான பிறகுதான் அவை எழும் என்பது படித்துத் தெரிந்த விஷயம், ஆர்வத்தில் மறந்துபோனேன். இவர் காரில் போர்வை போர்த்தித் தூங்கினார். பத்தரைக்கு எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, நம் கண் மட்டத்திலேயே, இறகு காற்றில் அதிரும் சத்தம் கேட்கும் அளவு நெருங்கிப் போயின. அப்போதுதான் இவர் எழுந்து வந்தார். எதையும் தவறவிடவில்லை.

மறுநாள் முதல் ஒன்பதரைக்குக் காலைச் சாப்பாடு. ஊர்ச் சதுக்கத்தில் காபிக்கு உட்கார்ந்தால் கோயில் கோபுரத்துக் கூட்டில் செங்கால் நாரை இணை திரும்பி வரும்போதெல்லாம் இரண்டும் தலையை முதுகுவரை சாய்த்து அலகைத் தட்டும், மரப்பலகையில் கொட்டடிப்பதுபோல. மூன்றாம் நாள் நான் இரண்டாவது பைனாகுலரைத் தேடினேன், காணோம். அவர் கழுத்தில் இருந்தது.