ஃபெனிட்டாயின் மாதிரியில் அலகுகள் ஒத்துப்போகின்றனவா?

சுங்கை சிப்புட்டில் மருந்தகப் பயிற்சியில் இருக்கும் மாணவி ஒருவர், இரத்தத்தில் லிட்டருக்கு 12 மி.கி. இருந்த ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து தமது கணினி மாதிரியில் இரண்டு மணி நேரத்திலேயே மறைந்துவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறார். உச்ச வெளியேற்ற வேகம் நாளுக்கு 420 மி.கி., அதில் பாதி வேகத்துக்குரிய செறிவு லிட்டருக்கு 4 மி.கி. என்று அவர் எடுத்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் சமன்பாட்டின் இடப்பக்கம் செறிவு மாறும் வேகத்தைச் சொல்ல, வலப்பக்கமோ மருந்தின் மொத்த அளவு குறையும் வேகத்தைச் சொல்கிறது. வலப்பக்கத்தில் வரும் 420 × 12 ÷ (4 + 12) என்பது நாளுக்கு 315 மி.கி.; அதைப் பரவல் கொள்ளளவான (மருந்து உடலில் பரவியிருப்பதாகக் கணக்கிடப்படும் கன அளவான) 42 லிட்டரால் வகுத்தால்தான் செறிவு நாளுக்கு லிட்டருக்கு 7.5 மி.கி. வீதம் குறைகிறது என்ற நம்பத்தக்க விடை கிடைக்கும்.

உச்ச வேகத்தை அந்தப் பாதிவேகச் செறிவால் வகுத்துப் பார்ப்பதே நான் முதலில் செய்யும் சோதனை. நாளுக்கு 105 லிட்டர் என்று வந்தால் அது மருந்தளவுக்கான சமன்பாடு. லிட்டர் நீங்கி நாளுக்கு 2.5 என்று மட்டும் நின்றால் செறிவுக்கானது. ஆய்வக அறிக்கையில் செறிவு லிட்டருக்கு மைக்ரோமோலில் வந்திருந்தால், பின்னத்தின் கீழ்ப்பகுதியில் 4 உடன் கூட்டுவதற்கு முன் அதை ஏறத்தாழ 3.96 ஆல் வகுத்துவிட வேண்டும்.

அலகுச் சோதனையில் சிக்காத பிழையும் ஒன்று உண்டு: மருந்தின் உப்பு வடிவமான ஃபெனிட்டாயின் சோடியம் 100 மி.கி.யில் ஃபெனிட்டாயின் சுமார் 92 மி.கி. மட்டுமே, பால்மரத் தோட்டத்தில் பாலின் எடையையும் உலர் ரப்பரின் எடையையும் ஒன்றாகக் கொள்ளாததைப் போல, இவ்விரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.