திருகோணமலை டவுனில் இருந்து சைக்கிளில் போக எந்தப் பாதை நல்லது?

முதல் தடவை என்றால் நிலாவெளி ரோட்டையே எடுங்கள். உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழுக்கச் சமதரை, தண்ணீர் வாங்கக் கடைகளும் இருக்கு. உப்புவெளியில் ரோட்டோரமாகவே இரண்டாம் உலகப்போர் கல்லறைத் தோட்டம் வரும், நிழலுக்கும் நல்லது, இறங்கி ஒருமுறை பாருங்கள். கால் தாங்கினால் அப்படியே குச்சவெளி வரைக்கும் போகலாம், ஆனால் அந்தப் பக்கம் கடை குறைவு, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு மேற்கே அனுராதபுரம் ரோட்டால் போகவேணும். கிட்டத்தான், ஆனால் நடு வருடத்தில் கச்சான் காற்று நேரே முகத்தில் அடிக்கும், அதுவும் வெயில் ஏறிய பிறகு உடம்பில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் விடியவே கிளம்புங்கள். திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளிவிடும்.

தெற்கே சீனன்குடா வழியாகக் கிண்ணியா. 2009இல் பாலம் திறக்கும் வரை அங்கே பாதைப்படகுதான், இப்போது 396 மீட்டர் நீளப் பாலத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம், எனக்குப் பிடித்த பாதை இதுதான். சீனன்குடா வரை பெரிய லொறிகள் வரும், இடது ஓரத்தை விடாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும்போது மான்கள் குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள். அப்புறம், மார்கழி மழையில் இதெல்லாம் வேண்டாம்.