சித்தன்னவாசலுக்குப் பள்ளிச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பள்ளியின் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களைத் தை மாதத்தில் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். இரண்டு பேருந்துகள் நிறையும் அளவுக்குப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். மலைமேல் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு இந்த வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா? எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது?
– ஆசிரியை, கரூர் மாவட்டம்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம், ஆனால் எல்லோரையும் ஒரே நேரத்தில் மேலே அனுப்பக் கூடாது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே உள்ள இந்தக் குன்று சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் உயரம்தான் இருக்கும். ஏறுவதற்குப் படிகள் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றம் ஒரு சிரமமே அல்ல. கவனம் தேவைப்படுவது உச்சியைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகக் குகைக்கு இறங்கும் இடத்தில்தான். அங்கே ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் கம்பித் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் நேர்ச்சரிவு. வழியோ ஒருவர் பின் ஒருவராகச் செல்லத்தக்க குறுகிய பாறை விளிம்பு. தடுப்புக் கம்பி போடப்படாத காலத்தில் பாறையில் வெட்டப்பட்ட ஏழு குழிகளில் கால் வைத்துத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். அக்குழிகளை இன்றும் பார்க்கலாம்.

ஆகவே மாணவர்களை இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஓர் ஆசிரியரும் பின்னால் ஓர் ஆசிரியரும் செல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒரு குழு திரும்பி உச்சியை அடைந்த பிறகே அடுத்த குழு இறங்க வேண்டும். விளிம்பில் இரு குழுக்கள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒதுங்குவதற்கு இடம் இல்லாமல் பிள்ளைகள் கம்பியின் மேல் சாய நேரிடும். கைப்பேசியில் படம் எடுப்பதையும் அந்த விளிம்பில் மட்டும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். இதைப் பேருந்திலேயே சொல்லிவிட வேண்டும், மேலே போய்ச் சொன்னால் காதில் ஏறாது.

குகைக்குள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் பக்கம் சற்று மேடாக, தலையணைபோலவே செதுக்கப்பட்டிருப்பதை ஒவ்வொரு பிள்ளையும் அருகில் நின்று பார்க்கட்டும். சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடம் இது. படுக்கைகளில் பெரியதன் ஓரமாக வெட்டப்பட்டிருக்கும் தமிழ்ப் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) எழுத்துகள், கி.மு. இரண்டாம், முதல் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்று கருதப்படுகின்றன. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளயர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து தந்தார் என்பது அதன் செய்தி. பாடநூலில் 'தமிழின் தொன்மை' என்று படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, ஊர் பேர் உள்ள ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் படுக்கை செய்து கொடுத்த செய்தி அதே கல்லில் இருப்பதைக் காட்டுவதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன் முதலிய துறவிகளின் பெயர்களும் மற்றப் படுக்கைகளின் அருகே பிற்கால எழுத்தில் வெட்டப்பட்டன. எழுத்து மாறியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். சுற்றுலாவுக்கு முந்தைய வாரம் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பத்தைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கியிருந்தால் போதும், அவற்றைக் கல்லில் தேடிப் பிடிப்பதற்குப் போட்டி போடுவார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, ஏழடிப்பட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். காலையில் மேற்குப் பக்கப் படிகளில் வெயில் படாது, கிழக்கு நோக்கிய குகைக்குள்ளோ வெளிச்சம் நன்றாக விழும். பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். மேலே நிழல் இல்லை, தண்ணீரும் கிடைக்காது என்பதால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்க வேண்டும். ரப்பர்ச் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள காலணி போதும். நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள தை மாதம் பொருத்தமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது. இது போன்ற பாறைக் குன்றுகளில் தேன்கூடுகள் இருப்பது இயல்பு. ஊதுகுழல், பட்டாசு, கல்லெறிதல், கூச்சல் எதற்கும் இடம் தரக் கூடாது. அன்று தேனீக்களின் நடமாட்டம் இருக்கிறதா என்பதை நுழைவிடத்து ஊழியரிடம் கேட்ட பிறகே ஏறத் தொடங்குங்கள். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும் ஏறாதீர்கள்.

கேள்வி: ஓவியங்கள் மங்கிவிட்டன, பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். படகுக் குழாமும் பூங்காவும் போதும் என்கிறார்கள். இது சரியா?
– வரலாற்று ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: மங்கியிருப்பது உண்மை. பார்க்க ஒன்றும் இல்லை என்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் கி.பி. ஏழாம் நூற்றாண்டளவில் குடையப்பட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவரால் புதுப்பிக்கப்பட்டது. இதை அங்குள்ள பாடல் வடிவக் கல்வெட்டே கூறுகிறது. கூரையில் தீட்டப்பட்டிருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்க்க, கண்ணுக்குக் குறைந்தது ஐந்து நிமிடமாவது தேவை. முதலில் பச்சையும் வெள்ளையும் கலந்த திட்டுகளாகத்தான் தெரியும். பிறகு இலை தனியாக, மொட்டு தனியாகப் பிரியும். அதன்பின் இலைகளுக்கிடையே மீன்கள், வாத்துகள், யானை, எருமை, கடைசியாகப் பூப்பறிக்கும் ஆடவர் என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். உள்ளே நுழைந்தவுடன் 'பார்த்தாயிற்று, நகருங்கள்' என்று விரட்டினால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது. குறை ஓவியத்தில் இல்லை, நாம் ஒதுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

வகுப்பிலேயே ஓவியத்தின் தெளிவான படத்தைக் காட்டி, 'இதில் உள்ள யானையைக் கூரையில் கண்டுபிடி' என்று பணி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். முன்பக்கத் தூண்களில் நடன மாதர் இருவரும், ஒரு தூணில் அரசனும் அரசியும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். மண்டபத்தின் தென்சுவரில் ஐந்தலை நாகத்தின் கீழ் அமர்ந்த சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரைக் காணலாம். கருவறை சிறியது என்பதால் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும் சுண்ணச் சாந்தின் மேல் உள்ள வண்ணத்துக்கு ஆகாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் பெயரைக் கீறுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அன்று, நாடு இதை எவ்வளவு பெரிதாக மதிக்கிறது என்பது அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

படகுச் சவாரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே பூங்காவுக்குள் விட்டால், அதன் பிறகு அவர்களை மலைக்குத் திருப்புவது எந்த ஆசிரியராலும் ஆகாத காரியம்.

கேள்வி: என் மகள் காலில் கேலிப்பர் அணிந்து நடப்பவள். 'மலை ஏற முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும்' என்கிறது பள்ளி. வேறு வழி இல்லையா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: இருக்கிறது, அம்மா. குன்று முழுவதும் ஏறினால்தான் சித்தன்னவாசல் என்றில்லை. அறிவர் கோயில் மேற்குச் சரிவில் தாழ்வான இடத்திலேயே உள்ளது. ஏழடிப்பட்டத்தோடு ஒப்பிட்டால் ஏற வேண்டிய படிகள் மிகக் குறைவு, துணைக்கு ஒருவர் கைகொடுத்தால் நிதானமாக ஏறிவிடக் கூடும். குன்றைச் சுற்றியுள்ள சமவெளியில் பெருங்கற்கால மக்களின் கல்வட்டங்கள் இருக்கின்றன. குகைத் துறவிகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த இடங்கள் அவை. பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: மற்றக் குழுக்கள் மேலே செல்லும் நேரத்தில், உங்கள் மகளும் அவளுடைய தோழிகள் நான்கைந்து பேரும் ஓர் ஆசிரியருடன் கல்வட்டங்களைப் பார்த்து, அளந்து, வரைந்துவரும் குழுவாக இருக்கட்டும். அந்த வரைபடத்தை மறுநாள் வகுப்பில் அவர்களே விளக்கட்டும். அவளைப் பேருந்தில் தனியே உட்கார வைப்பது மட்டும் கூடாது. பயணத்தை வகுக்கும் ஆசிரியர்களுக்கும் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன், பட்டியல் எழுதும்போதே இப்படியொரு குழுவையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் கோட்டை, புதுக்கோட்டை அருங்காட்சியகம் ஐந்தையும் பார்த்துவிடலாமா?
– தலைமையாசிரியர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: வேண்டாம். ஐந்தில் நான்கு, பிள்ளைகளின் நினைவில் பேருந்து நின்ற இடங்களாக மட்டுமே மிஞ்சும். சித்தன்னவாசலோடு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலை பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், மாணவர்களுக்குள் இசை பயில்வோர் இருந்தால் ஒழிய அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகமே என் தேர்வு. காலையில் ஏறிக் களைத்த கால்களுக்கு மாலையில் நிழலான இடம் நல்லது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கு விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். பதினைந்து வயதுக்குட்பட்டோருக்குத் தொல்லியல் துறைச் சின்னங்களில் கட்டணம் இல்லை. பள்ளி அடையாள அட்டையோடு, கல்வித் துறையின் அனுமதிக் கடிதத்தையும் பெற்றோர் கையொப்பமிட்ட இசைவுப் படிவங்களையும் ஒரே கோப்பில் வைத்து, முதல் பேருந்தில் வரும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.