பிரேக் மிதித்தால் பின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, ஏன்?

பெரும்பாலும் எர்த் கோளாறுதான். பல்பை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஃபியூஸ், ஸ்விட்ச் வழியாக பாசிட்டிவ் ஒயர்தான் தனியாக வரும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையான பாடி எல்லாவற்றுக்கும் பொது, அதைத்தான் எர்த் என்கிறோம். பல கார்களில் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே எர்த் ஒயரில் சேர்ந்து, ஒரு போல்ட்டில் பாடியைத் தொடும். அந்த இடம் துருப்பிடித்தால் 21 வாட் பிரேக் பல்புக்குள் போன மின்சாரத்துக்கு வெளியேற வழியில்லை. அது பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, அதன் ஒயரிலேயே முன்பக்க இண்டிகேட்டர் வரை ஓடி, அங்குள்ள எர்த்தைப் பிடிக்கும். இழைகள் இப்படித் தொடராக மாட்டிக்கொள்வதால் 12 வோல்ட் அவற்றுக்குள் பங்கிடப்படும், எல்லாமே மங்கும். பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பதே சரியாகத் தெரியாது, தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எப்படி உறுதிசெய்வது? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பாடியின் சுத்தமான உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள்.