முள்ளையனகிரி மலை இறக்கத்தில் சைக்கிள் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடுகிறதா?

பிரேக் பேட் மாற்றிப் பயனில்லை, பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். இறங்க இறங்க லிவர் பஞ்சாகிறது, நண்பர்களோடு டீ குடித்துவிட்டு ஏறினால் சரியாகிறது என்றீர்கள். அது சூடுதான். காட்டுப் பாதையில் பயத்தில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்திலுள்ள பிரேக் டிஸ்க் ஆறவே ஆறாது. எண்ணெயோடு ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழி கட்டும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும்.

1. பெங்களூரில் வீட்டிலேயே, வண்டி ஆறியிருக்கும்போது லிவரை அழுத்திப் பாருங்கள். அப்போதும் பஞ்சு போலிருந்தால் குழாயில் காற்று இருக்கிறது, பிளீட் செய்ய வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

2. கெட்டியாக இருந்தால், புது எண்ணெய் ஊற்றிய பிறகு நந்தி மலையில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விடுங்கள். இந்தப் பழக்கம்தான் முக்கியம். எனக்கு வர இரண்டு மூன்று பயணம் ஆனது.

ஷிமானோ பிரேக் என்றால் மினரல் ஆயில் மட்டும்தான். கார், பைக் பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) எண்ணெய் ஊற்றினால் உள்ளே சீல் ஊதிக் கெட்டுவிடும். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடலாம். லிவர் தளர்ந்தால் உடனே நில்லுங்கள். முன்னால் போன நண்பர்கள் காத்திருக்கட்டும்.